வெளியூர் போகும் நாளில் மாத்திரை யார் பையில் இருக்கிறது?

கும்பகோணத்தில் பொது மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேர் பணி ஓய்வு பெற்றவர்கள். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்தே வருவார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒருவர்மீது ஒருவர் புகார் படிப்பதுதான் முதல் வேலை. "ஞாயிற்றுக்கிழமை திருவையாறு போனோம் டாக்டர். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அசோகா அல்வாவை ஒரு பொட்டலம் முடித்துவிட்டார்." அவர் சும்மா இருப்பாரா? "இவள் காபியில் சர்க்கரையைக் குறைத்தாளா என்று முதலில் கேளுங்கள்." இந்தப் பஞ்சாயத்து முடிந்த பிறகுதான் ரத்த அழுத்தமே பார்க்க முடியும்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போய் வாருங்கள். பாதி வாழ்நாள் பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரத்துக்கும் அலுவலக நேரத்துக்கும் ஓடியவர்கள், இப்போதாவது தாராசுரம் தேர் மண்டபத்தில் ஆற அமர உட்கார்ந்துவிட்டு, வழியில் ஒரு டிகிரி காபி குடித்துவிட்டு வீடு திரும்பக் கூடாதா? சர்க்கரை நோய் இருக்கிறது என்பதற்காக வாசற்படி தாண்டாமல் இருப்பதால் சர்க்கரை குறையப்போவதும் இல்லை. நாங்கள் பார்க்கும் எச்.பி.ஏ.1.சி என்ற பரிசோதனை ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. எப்போதோ ஒரு ஞாயிறு இரண்டு கரண்டி அசோகா சாப்பிட்டதால் அந்தச் சராசரி பெரிதாக ஏறிவிடாது. தினமும் நான்கு வேளை சர்க்கரை போட்டுக் குடிக்கும் காபி நிச்சயமாக ஏற்றும். அதைப் பற்றி இருவருமே புகார் சொல்வதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன்.

ஊர் சுற்றிவிட்டு நேரே என் மேஜைக்கோ மருத்துவமனைக் கட்டிலுக்கோ வருகிறவர்களை இனிப்பு கொண்டுவந்து சேர்ப்பது அபூர்வம். மாத்திரை போட்ட நேரத்துக்கும் சாப்பிட்ட நேரத்துக்கும் விழுந்த இடைவெளி, குடிக்காமல் விட்ட தண்ணீர், செருப்பில்லாமல் நடந்த கல்தரை, இந்த மூன்றும்தான் கொண்டுவருகின்றன.

அடையாளங்களை மாற்றி ஒன்றைச் சொல்கிறேன். அறுபதைக் கடந்த தம்பதி. நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்க்க வேனில் கிளம்பினார்கள். வியாழக்கிழமை. விடிவதற்கு முன்பே எழுந்து குளித்து, வழக்கம்போல் கிளிமிபிரைடு கலந்த சர்க்கரை மாத்திரையை அவர் போட்டுக்கொண்டார். டிபன் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. திங்களூர் முடிந்தது. "ஆலங்குடியையும் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம் சார், நேரமானால் கூட்டம் ஏறிவிடும்" என்றார் டிரைவர். குருவுக்கு உகந்த கிழமை. வரிசை வெளிப் பிராகாரம் வரைக்கும் நின்றது. பத்து மணி வாக்கில் அந்த மனிதர், ஒன்றுமில்லாத விஷயத்துக்கு, அர்ச்சனைத் தட்டைச் சாய்த்துப் பிடித்தாள் என்பதற்காக, மனைவியிடம் எரிந்து விழுந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலின் புழுக்கம் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்தார்கள். அந்த அம்மாள் நினைக்கவில்லை. "நாற்பது வருடத்தில் நாலு பேர் முன்னால் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர் டாக்டர். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது" என்றார்.

சரியான சந்தேகம். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பசி எல்லாம் வரும். கூடவே குணம் மாறும். காரணமில்லாத கோபம், பேச்சில் குழறல், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில். இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் சிலவகை மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமலேயே போகலாம். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும். குண மாற்றத்தை மருத்துவரைவிட முன்னால் கண்டுபிடிக்கக்கூடியவர் கூட வாழ்கிறவர்தான்.

அந்த அம்மாள் கையிலிருந்த பிரசாதக் கற்கண்டை எடுத்துக் கொடுத்தார். வேறு யாராக இருந்தாலும் அது வேலை செய்திருக்கும். இவர் சாப்பிடும் மாத்திரைகளில் வோக்ளிபோஸும் உண்டு. நாம் வீட்டில் பயன்படுத்தும் சர்க்கரை, கற்கண்டு, இனிப்புப் பண்டங்கள் ஆகியவை குடலில் உடைந்து குளுக்கோஸாக மாறுவதைத் தாமதப்படுத்துவதே அந்த மருந்தின் வேலை. ஆகவே கற்கண்டு உள்ளே போயும் கால்மணி நேரத்துக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. வேன் டிரைவர் ஓடிப்போய் மருந்துக்கடையில் குளுக்கோஸ் பவுடர் வாங்கிவந்து கரைத்துக் கொடுத்த பிறகுதான் மனிதர் தெளிந்தார். உங்கள் மருந்துச் சீட்டில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருந்தால், பையில் மிட்டாய் வைத்திருப்பது போதாது. குளுக்கோஸ் பவுடர்தான் வேண்டும். மூன்று தேக்கரண்டி, கொஞ்சம் தண்ணீரில். கால்மணி நேரத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை. தெளிந்த பிறகு இட்லியோ வாழைப்பழமோ வயிற்றுக்குள் போயாக வேண்டும். கிளிமிபிரைடு வகை மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் நீடிக்கும், ஏறிய சர்க்கரை மறுபடியும் இறங்கலாம். அதனால் அன்றைக்கு மிச்சக் கோயில்களை விட்டுவிட்டு மருத்துவரிடம் போவதே சரி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; புரை ஏறி நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இதே கதை கல்யாண வீட்டில் நடக்கும். மண்டபத்து அறையில் ஊசியைப் போட்டுக்கொண்டு கீழே வந்தால் முதல் பந்தி நிரம்பியிருக்கும். அடுத்த பந்திக்கு இலை போட எவ்வளவு நேரமாகும் என்று யாருக்குத் தெரியும்? சில இன்சுலின்களை அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும், சிலவற்றை இலை முன் உட்கார்ந்த பிறகே போடலாம். உங்களுடையது எந்த வகை என்று கிளம்புவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர்கள் என்னிடம் முன்கூட்டியே வந்து கேட்டால் எனக்கு மிகவும் சந்தோஷம். ஹோமம் முடிந்து, கலச அபிஷேகம் முடிந்து, மாலை மாற்றி, சொந்தபந்தம் அத்தனை பேரும் காலில் விழுந்து எழுந்திருக்கும் வரை மணமக்கள் இருவருக்கும் பட்டினி. அன்றைக்குக் காலை மருந்தில் எதைத் தள்ளிப்போடலாம், எதைப் பாதியாக்கலாம் என்பது ஒவ்வொருவருக்கும் வேறு. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கும் பயம் மிகக் குறைவு, இன்சுலின்காரருக்கு அப்படியில்லை. நீங்களாக முடிவெடுக்காதீர்கள்.

தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நம் பக்கத்தில் கணவரின் மாத்திரை அநேகமாக மனைவியின் கைப்பையில்தான் இருக்கிறது. அவருடைய சட்டைப்பையில் செல்போனும் சில்லறையும்தான். பஸ்ஸில் அவர் பின்னால், இவர் முன்னால். துணிக்கடையில் இவர் மூன்றாவது மாடி, அவர் வாசலில் போட்ட நாற்காலி. அவருக்கு வியர்க்கும்போது குளுக்கோஸ் மூன்று மாடி தள்ளி இருக்கிறது. அவரவர் பையில் அவரவருக்கு வேண்டியது இருக்கட்டும். மாத்திரைகளின் பெயர் எழுதிய சீட்டு ஒன்றும் கூட இருக்கட்டும். "வெள்ளை மாத்திரை, சின்னது" என்ற விவரத்தை வைத்துக்கொண்டு எந்த ஊர் மருத்துவரும் ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது தண்ணீர். இதைப் பெண்களுக்காகத்தான் எழுதுகிறேன். வழியில் கழிப்பறை இருக்காது, இருந்தாலும் உள்ளே கால் வைக்க முடியாது என்பதால் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் தஞ்சாவூர் போய்த் திரும்பும் பெண்கள் ஏராளம். இரண்டு நாள் கழித்து நீர்க்கடுப்போடு வருவார்கள். பெண்கள்மேல் இதில் ஒரு குற்றமும் இல்லை. கழிப்பறையைச் சுத்தமாக வைக்காத ஊர்களின் குற்றம். ஆனாலும் சித்திரை வெயிலில் உடம்பு வற்றினால் சர்க்கரை ஏறும், சிறுநீரகத்துக்குக் கேடு. நல்ல கழிப்பறை உள்ள ஹோட்டலாகப் பார்த்துச் சாப்பாட்டுக்கு நிறுத்துங்கள். சாம்பார் எப்படி இருக்கிறது என்பதை அப்புறம் பார்க்கலாம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ தரப்படும், சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையைப் பயண நாளில் சத்தமில்லாமல் விட்டுவிடுகிறவர்கள் ஆண்களிலும் உண்டு. மூச்சு வாங்கிக்கொண்டு வந்த பிறகுதான் உண்மை வெளியே வரும். போடும் நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் வழி இருக்கும்.

இலைச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் காவிரிக்கரையில் மருத்துவம் பேச முடியுமா? சாம்பாருக்கு ஒரு சோறு, வற்றல் குழம்புக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒன்று, மோருக்கு ஒன்று. பரிமாறுகிறவர் அன்போடு வாளியைக் கவிழ்க்க, நான்கு முறை சோறு வந்த பிறகு மூலையில் ஒரு ஸ்பூன் பொரியல் தொடாமல் காயும். வரிசையை மாற்றிப் பாருங்கள். கீரை, கூட்டு, பொரியல் இவற்றை முதலில் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகு சோற்றில் கை வையுங்கள். காய்கறியும் பருப்பும் முன்னால் போய், மாவுச்சத்து பின்னால் போனால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையின் ஏற்றம் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான்கு குழம்பையும் ருசிக்க வேண்டும் என்றால் சோறு நான்கு பிடியாக இருக்கட்டும். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் இன்னும் நல்லது; கடைத்தெருவில் விலை கேட்டுக்கொண்டு நடப்பதும் நடைதான். அசோகா வேண்டுமா, ஒன்று வாங்கி இருவராகச் சாப்பிடுங்கள். பாசிப்பருப்புதானே, புரதம்தானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பருப்பைவிடச் சர்க்கரையும் நெய்யும் தாராளமாக விழும் பண்டம் அது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு போட்ட காபியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

சாப்பிட்ட கையோடு திருச்சி மலைக்கோட்டைப் படி ஏறாதீர்கள். ஏறும்போது நெஞ்சில் அழுத்தமோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ வந்தால் வாயு என்று சோடா குடிக்காமல் உடனே இ.சி.ஜி. எடுங்கள், நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமலும் வரும். காரைக்கால் பக்கம் போகும் ஆண்களுக்கு ஒரே வரி: வெறும் வயிற்றில் மதுவும் சர்க்கரை மருந்தும் சேர்ந்தால் நடு இரவில் சர்க்கரை இறங்கும், தூக்கம் என்று நினைத்து யாரும் எழுப்பமாட்டார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் இன்சுலினை வைத்துவிட்டுப் போகாதீர்கள்; வீரியம் போய்விடும்.

இனி கால். தஞ்சைப் பெரிய கோயிலின் பிராகாரம் விசாலமானது, வெயில் முழுவதும் கல்லில் இறங்கும். வருடக்கணக்கில் சர்க்கரை இருப்பவர்களுக்குப் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கும். மற்றவர்கள் துள்ளிக் குதித்து நிழலுக்கு ஓடும் இடத்தில் இவர்கள் நிதானமாக விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு அம்மாள் அப்படித்தான் நின்றார். சூடு தெரியவில்லை, வலி இல்லை, வீட்டுக்கு வந்து படுத்தும்விட்டார். பாதத்தின் அடியில் முட்டை முட்டையாகக் கொப்புளம் இருந்ததைக் கண்டது அவருடைய கணவர், செல்போன் வெளிச்சத்தில். பார்ப்பதற்குள் பெரும்பாடு. தன் காலைப் புருஷன் தொடுவதா என்று அந்த அம்மாள் புடவைக்குள் காலை இழுத்துக்கொண்டாராம். "அம்மி மிதிக்கும்போது பிடித்த கால்தானே, இப்போது மட்டும் என்ன?" என்று கேட்டு இழுத்துப் பார்த்திருக்கிறார். மறுநாள் காலையிலேயே அழைத்துவந்ததால் புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. பத்து நாள் கழித்து வந்திருந்தால் விரலைப் பற்றிப் பேச வேண்டியிருந்திருக்கும். கோயிலுக்குள் செருப்புதான் கூடாது, பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளலாம். காலை ஒன்பது மணிக்குள்ளோ மாலை வெயில் தாழ்ந்த பிறகோ போகலாம். வீடு திரும்பிய இரவு ஒருவர் பாதத்தை ஒருவர், விரல் இடுக்கு உட்பட, விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். கூச்சப்பட இதில் ஒன்றும் இல்லை.

கடைசியாக ஒரு கணக்கு எனக்குச் சரிவராமல் இருக்கிறது. கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை நடக்கிறது. கூடவே வரும் மனைவிக்கு ஒரு முறைகூட நடந்திருக்காது. ரத்த சம்பந்தம் இல்லைதான். ஆனால் ஒரே அடுப்பு, ஒரே சோறு, ஒரே மாலைநேரச் சோம்பல். தம்பதியரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரும் வாய்ப்பு ஓரளவு கூடுதல் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அவருக்குப் பரிமாறிவிட்டு, அவர் கை கழுவிய பிறகு மிச்சச் சோற்றை வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுகிறவரும் இவர்தான். அடுத்த முறை வரும்போது அம்மாவும் வெறும் வயிற்றோடு வரட்டும், இருவருக்கும் சேர்த்தே ரத்தம் எடுத்துவிடலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு முறை கொடுக்க வேண்டியிருக்கும். பக்கத்துத் தெரு ஹோட்டலில் இட்லிக்குக் கடப்பா ஊற்றுவார்கள், காபிக்கு மட்டும் சர்க்கரை வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.