முள் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்

"ஆயில் அழுத்தம் ஐம்பது காட்ட வேண்டிய முள் இருபதைத் தாண்டவில்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?" பழைய எம்ஜிபி (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. போன மாதம் 1966ஆம் ஆண்டு வண்டியோடு வந்தவர், இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் எல்லாம் போய்விட்டதாக வேறொரு பட்டறையில் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டையும் கையோடு கொண்டுவந்திருந்தார். தனியாக ஒரு கேஜ் (அழுத்தமானி) மாட்டிப் பார்த்தார்களா என்று கேட்டேன். இல்லையாம். ஐம்பது வருடங்களுக்கு மேல் டாஷ்போர்டில் அதிர்ந்துகொண்டிருந்த முள்ளை வைத்தே தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

இந்த 1798 சிசி இன்ஜினுக்கு ஆயில் அழுத்தம் ஓட்டத்தில் 50 முதல் 80 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு), ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும் ஐடிலிங்கில் 10 முதல் 25 இருக்க வேண்டும். இரண்டும் இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு பார்க்க வேண்டிய அளவுகள். காலையில் கிளப்பியதும் முள் எழுபதில் நிற்பதைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கும். தேய்ந்த பேரிங்கில்கூட முள்ளைத் தூக்கிவிடும். பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பேரிங் இடுக்குகளில் ஆயில் நெருக்கிக்கொண்டு போவதால்தான் அழுத்தம் உண்டாகிறது. இடுக்கு அகன்றாலோ ஆயில் நீர்த்தாலோ அது இறங்கிவிடும்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டத்தைப் பார்த்துவிட்டு இருபது நிமிடம் ஓட்டினேன். பிளாக்கின் பின்புறம் கேஜ் ஹோஸைக் கழற்றி அங்கே என் கேஜை மாட்டினேன். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் 38 பிஎஸ்ஐ. முள் பொய் சொல்லியிருக்கிறது, ஆனால் முழுப் பொய் அல்ல.

அடுத்து, அழுத்தம் வரம்பை மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு. இடப்பக்கப் பின்மூலையில், குமிழ்த்தலை நட்டுக்கு உள்ளே இருக்கிறது. பக்கத்திலேயே எக்ஸாஸ்ட், ஆறவிடாமல் கையை விட்டால் தோல் போய்விடும். வால்வின் கூம்பு முனையில் கடுகளவு காய்ந்த கேஸ்கெட் பசை ஒட்டியிருந்தது. அது வால்வைச் சரியாக உட்காரவிடவில்லை, அந்த வழியாக ஆயில் கசிந்து அழுத்தம் குறைந்திருக்கிறது. துடைத்தேன், ஸ்பிரிங்கை அளந்தேன். மூன்று அங்குலம் சரியாக இருந்தது. நட்டுக்குப் புதிய செப்பு வாஷர்கள் போட்டு மூடிச் சூடாக்கிப் பார்த்தால் 58.

ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷரைத் திணித்து முள்ளை ஏற்றும் வித்தையைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அது உயர்த்துவது உச்ச வரம்பை மட்டும். சூடான ஐடிலிங்கில் வால்வு எப்படியும் மூடித்தான் இருக்கும். தேய்ந்த பேரிங்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. வால்வு சுத்தமாக இருந்தும் தனி கேஜில் அழுத்தம் ஏறாவிட்டால், அப்போது இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பேரிங்குகளைப் பாருங்கள். ஓடும்போது முள் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்தால் யோசிக்க வேண்டாம், அங்கேயே இன்ஜினை அணைத்துவிடுங்கள்.

அப்படி விழுவதற்கு ஒரு காரணம் கேஜுக்குப் போகும் அந்தச் சிறிய ரப்பர் ஹோஸ். அது வெடித்தால் இன்ஜின் தன் ஆயிலைத் தானே வெளியே இறைத்துவிடும். இவருடைய ஹோஸ் வளைவில் நகக்கீறல்போல் விரிசல்கள். "இன்னும் கசியவில்லையே" என்றார். மாற்றிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.