ஓரிடத்தான்: பழைய மழையைச் சொல்லும் சொல்

பள்ளியில் ‘ஐசோடோப்’ என்று படித்ததற்குத் தமிழில் ஓரிடத்தான் என்று பெயர். முதல்முறை கேட்டால் யாரோ ஊர்க்காரரைச் சொல்வதுபோல இருக்கும். ஆனால் மூலச் சொல்லின் பொருளும் அதுவேதான்.

1913-இல் கிளாஸ்கோவில் இருந்த வேதியியலாளர் ஃபிரடெரிக் சாடிக்கு ஒரு சிக்கல். அணு எடை வேறுபட்டும் சில பொருட்கள் வேதியியல் முறையில் பிரியவே மறுத்தன. தனிம அட்டவணையில் அவற்றை ஒரே கட்டத்தில்தான் உட்காரவைக்க வேண்டும். ஒரு விருந்தில் அவர் இதை விளக்க, மருத்துவரும் நாவலாசிரியருமான மார்கரெட் டாட் கிரேக்கத்திலிருந்து பெயர் எடுத்துக் கொடுத்தார். ஐசோஸ் என்றால் சமம், டோபோஸ் என்றால் இடம். அட்டவணையில் ஓரிடத்தில் இருப்பது ஓரிடத்தான்.

இலங்கைப் பாடநூல்களில் இது சமதானி. சமம், தானம் என்று பிரித்தால் அதே பொருள் வடமொழி வழியாக வந்திருப்பது தெரியும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஐசோடோப்பு. என் தேர்வு ஓரிடத்தான்தான்: படித்தவுடன் அந்தக் கட்டம் கண்ணில் தெரிகிறது. ‘ஆன்’ என்று முடிவதால் உயர்திணையோ என்று தயங்க வேண்டாம். கரையானும் ஓணானும் அஃறிணைதானே.

சரி, இதற்கும் மழைக்கும் என்ன உறவு? காற்றிலுள்ள கார்பனில் நூற்றுக்கு ஏறத்தாழ 99 பங்கு கார்பன்-12. ஒரு பங்கு அளவுக்கு அதன் கனமான ஓரிடத்தான், கார்பன்-13. மரங்களும் நெல்லும் உணவு தயாரிக்கும்போது கனமானதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். சோளம், கரும்பு, வெப்பநாட்டுப் புற்கள் பல அவ்வளவாக ஒதுக்குவதில்லை. ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிட்டால் கார்பன்-13 முதல் வகையில் ஆயிரத்துக்குச் சுமார் 27 பங்கு குறைவு, இரண்டாம் வகையில் சுமார் 12 பங்குதான் குறைவு. செடி மட்கிய பிறகும் இந்தக் கணக்கு பெரிதாக மாறுவதில்லை.

ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் சதுப்பில், காற்றுப் புகாமல் பாதி மட்கிக் கறுத்த செடிகொடிப் படிவு அடுக்கடுக்காகக் கிடக்கிறது. பீட் என்பார்கள். ஆர். சுகுமார், ஆர். ரமேஷ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை அடுக்குவாரியாக அளந்து 1993-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் கனமான கார்பன் மிகுந்திருந்தது: வறட்சி தாங்கும் புல் பரவிய, பருவமழை மெலிந்த காலம். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முந்தைய அடுக்குகளில் கணக்கு மறுபக்கம் சாய்கிறது. மண்ணில் ஈரம் மிகுந்து, அந்தப் புற்கள் பின்வாங்கியிருக்கின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பழைய அடுக்குகள் படிந்த பனியூழியில் காற்றில் கரியமில வாயுவும் குறைந்திருந்தது, அதுவும் இத்தகைய புல்லுக்குச் சாதகம். எல்லாவற்றையும் மழையின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது.

பீட் சொல்வது நூற்றாண்டுகளின் கதை. எந்தப் பருவத்தில் பெய்தது என்று அறிய மரம் வேண்டும். பசுமைமாறா மரங்கள் அந்தந்தப் பருவத்தில் தயாரித்த உணவைக் கொண்டே வளையத்தைக் கட்டுகின்றன. ஈரமான மாதங்களில் இலைத்துளைகள் நன்றாகத் திறக்கும், கனமான கார்பனை ஒதுக்குவதும் கூடும். அதனால் ஒரே வளையத்தை மெல்லிய சீவல்களாகச் சீவி அளந்தால் மழைக்காலமும் வறண்ட காலமும் தனித்தனியே தெரியும். வட கனடாவின் பேங்க்ஸ் தீவில் இயோசீன் என்னும் தொல்புவிக் காலத்து மரக்கட்டைகள், கோடிக்கணக்கான ஆண்டுகள் கழிந்தும் கல்லாகாமல், மரமாகவே கிடைத்துள்ளன. அவற்றை ஆய்வாளர்கள் இப்படிச் சீவிப் பார்த்தபோது, இன்று பனி உறைந்து கிடக்கும் அந்த ஆர்க்டிக் மண்ணில் அன்று குளிர்காலத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு மழை கோடையில் பெய்திருப்பது தெரிந்தது.