சத்திரசிகிச்சைக்கு முன் உடைகளைக் களையச் சொல்வது ஏன்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்குப் பித்தப்பைக் கல்லுக்கான சத்திரசிகிச்சை அடுத்த மாதம் நடக்கவிருக்கிறது. உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதுகுப் பக்கம் நாடாவால் கட்டும் கவுன் ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு தியேட்டருக்கு வர வேண்டும் என்றும், தாலிக்கொடி, தோடு, காப்பு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். அறுபது வயதைக் கடந்த அந்த அம்மா, வயிற்றில் கத்தி வைப்பதைவிட, தாம் மயங்கிக் கிடக்கும்போது யார் யார் பார்ப்பார்கள் என்பதற்கே அதிகம் பயப்படுகிறாராம். இந்த விதிகளுக்கு அறிவியல் காரணம் உண்டா, இல்லை வெறும் பழக்கந்தானா என்று மகள் கேட்கிறார்.

சில விதிகளுக்கு உறுதியான காரணம் உண்டு; சில பழக்கத்தால் மட்டும் நிலைத்திருக்கின்றன. ஆனால் இதில் மிகக் குறைவாகப் பேசப்படும் உண்மை வேறொன்று. நோயாளியின் உடலை இயன்றவரை மூடி வைப்பதை அவருடைய கூச்சம் மட்டும் கேட்கவில்லை, அவருடைய உடலியங்கியலும் அதையேதான் கேட்கிறது.

நகைகளை முதலில் பார்த்துவிடுவோம். இரத்தக்கசிவை நிறுத்தவும் இழையங்களை வெட்டவும் இன்று டயதேர்மி என்னும் மின்கருவி பயன்படுகிறது. 1926ஆம் ஆண்டு பொஸ்டனில், வில்லியம் போவி வடிவமைத்த கருவியைக் கொண்டு ஹார்வி குஷிங் மூளைக் கட்டிகளை அகற்றத் தொடங்கிய காலத்திலிருந்து அதன் அடிப்படை மாறவில்லை. வீட்டு மின்னோட்டத்தின் மீடிறன், அதாவது அது முன்னும் பின்னுமாக அலையும் எண்ணிக்கை, செக்கனுக்கு 50. இந்தக் கருவியிலோ அது பல இலட்சம். அந்த வேகத்துக்கு நரம்பும் தசையும் ஈடுகொடுப்பதில்லை என்பதால் அதிர்ச்சி ஏற்படாமல் வெப்பம் மட்டும் உண்டாகிறது. மெல்லிய முனையில் மின்னோட்டம் நெருக்கமாகப் பாய்வதால் அங்கே இழையம் கருகுகிறது. தொடையில் ஒட்டிய அகன்ற தகட்டின் வழியே அது பரந்து வெளியேறுவதால் அங்கே சூடு தெரிவதில்லை. தோலையும் மேசையின் உலோகத்தையும் ஒருசேரத் தொடும் ஒரு காப்பு, பழைய கருவிகளில், மின்னோட்டம் வெளியேறும் இன்னொரு ஒடுங்கிய வழியாகிச் சூட்டுக் காயத்தை உண்டாக்கக்கூடியதாக இருந்தது. நிலத்தொடர்பு நீக்கப்பட்ட இன்றைய கருவிகளில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆனாலும் விரல் வீங்கினால் மோதிரம் இறுகும். சுவாசக் குழாயைச் செலுத்தும்போது மூக்குத்தி கழன்று தொண்டைக்குள் போகலாம். ஆகவே கழற்றச் சொல்வது நியாயமே.

தாலியைக் கழற்றுவது அபசகுனம் என்று அஞ்சுகிற பெண்கள் நம்மிடையே நிறையப் பேர். கணவனின் ஆயுள் அந்தப் பொன்னில் தங்கியிருக்கவில்லை என்பதைத் தயக்கமின்றிச் சொல்வேன். ஆனால், அந்த நம்பிக்கையோடு ஒரு வாழ்நாளைக் கழித்தவரிடம் தியேட்டர் வாசலில் நின்று அதை வாதாடுவது வைத்தியமாகாது. சத்திரசிகிச்சை நடக்கும் இடத்துக்கு எட்டாமல், உலோகம் எதுவும் கோக்காத மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாமா என்று மயக்கமருந்து நிபுணரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸை அழிக்கச் சொல்வதற்கும் காரணம் எளியதுதான்: விரல் நுனியில் மாட்டும் ஒட்சிசன்மானி செந்நிற ஒளியையும் செந்நிறக்கீழ் ஒளியையும் நகத்தினூடாகச் செலுத்தியே அளவிடுகிறது, அடர்ந்த நிறப்பூச்சு அந்த அளவீட்டைக் குழப்பக்கூடும்.

இனி உள்ளாடை. வயிற்றுச் சத்திரசிகிச்சையில் மார்பின் கீழ்ப்பகுதியிலிருந்து தொடை தொடங்கும் இடம்வரை கிருமிநீக்கி பூசப்படுவது வழக்கம். அதில் பெரும்பாலும் மதுசாரம் கலந்திருக்கும். துணியின் ஓரத்தில் ஊறி நிற்கும் மதுசாரம் எளிதில் உலர்வதில்லை; டயதேர்மியின் ஒரு பொறி அதைப் பற்றவைக்கப் போதும். தியேட்டர்களில் தீப்பற்றுவது அரிது, ஆனால் கற்பனை இல்லை. மார்புக்கச்சையின் கொக்கியும் கம்பியும் முதுகின்கீழ் மணிக்கணக்கில் அழுத்தினால், உணர்வற்றுக் கிடப்பவரால் புரண்டு படுக்க முடியாது. இதயத் துடிப்பு தடுமாறினால் மார்பை உடனே அணுகவும் வேண்டும். வயிற்றுக்கு இவ்வளவும் பொருந்தும். கண்புரைக்கோ கைவிரலில் ஒரு சிறு கட்டிக்கோ சத்திரசிகிச்சை செய்யும்போதும், மயக்கமருந்தே கொடுக்காத ஒருவரிடம், பருத்தி உள்ளாடையைக் கழற்றச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்து பொருந்திய காரணம் ஒன்றுமில்லை. ஒரு வார்டில் எல்லாருக்கும் ஒரே விதி என்பது பணியாளருக்கு வசதி. அந்த வசதிக்காக ஒரு முதியவரின் மானத்தைக் கேட்கக் கூடாது என்பது என் கருத்து.

இப்போது வெப்பத்துக்கு வருவோம்.

மனித உடலின் வெப்பநிலை 37 பாகை செல்சியஸ் என்று பள்ளியில் படிக்கிறோம். அது தலை, மார்பு, வயிறு ஆகிய உள்ளகத்தின் வெப்பநிலை மட்டுமே. கைகளும் கால்களும் சாதாரண நாளிலேயே அதைவிட 2 முதல் 4 பாகை குளிர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டைக் காப்பது மூளையின் ஐப்போதலமசு. உள்ளக வெப்பநிலை ஒரு பாகையின் சில பத்திலொரு பங்கு இறங்கினாலே அது கைகால்களின் குருதிக்கலன்களைச் சுருக்கிவிடுகிறது. அதற்கு உதவும் அமைப்பு என்னை ஒவ்வொரு முறையும் வியக்கவைக்கிறது. விரல் நுனிகளிலும் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும், மயிர்க்குழாய்களுக்குள் போகாமலே நாடியையும் நாளத்தையும் நேரடியாக இணைக்கும் குறுக்குவழிகள் உள்ளன. ஒரு மயிர்க்குழாயின் விட்டம் மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு; இந்தக் குறுக்குவழியின் விட்டமோ பத்தில் ஒரு பங்கு. விட்டம் பத்து மடங்குதானே என்று தோன்றும். ஆனால் குழாயொன்றில் பாயும் திரவத்தின் அளவு ஆரையின் நான்காம் அடுக்குக்கு விகிதசமமானது. ஆகவே, நீளமும் அமுக்கமும் சமமாக இருந்தால், திறந்து நிற்கும் ஒரு குறுக்குவழி 10,000 மயிர்க்குழாய்களுக்கு ஈடான குருதியைக் கொண்டுபோகும். இத்தனை பெரிய மதகுகளை, நாம் அறியாமலே, நாள் முழுவதும் மூளை திறந்து மூடிக்கொண்டிருக்கிறது.

மயக்கமருந்து உள்ளே போனதும் இந்தக் காவல் தளர்கிறது. மருந்து குருதிக்கலன்களை விரிக்கிறது; கூடவே, எந்த வெப்பநிலையில் அவற்றைச் சுருக்க வேண்டும் என்ற மூளையின் எல்லைக்கோட்டையும் 2 முதல் 4 பாகைவரை கீழிறக்கிவிடுகிறது. குறுக்குவழிகள் திறந்துகொள்ள, உள்ளகத்தின் சூடான குருதி குளிர்ந்த கைகால்களுக்குள் பாய்கிறது. குளிர்ந்த பாத்திரத்தில் ஊற்றிய சுடுபாலைப் போல, வெளியே அதிகம் எதுவும் போகாமலே உள்ளகம் ஆறிவிடுகிறது. முதல் ஒரு மணித்தியாலத்தில் உள்ளக வெப்பநிலை 1 முதல் 1.5 பாகைவரை விழும். அந்த வீழ்ச்சியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு, தோலால் இழந்த வெப்பத்தைவிட இந்த உள்ளிடமாற்றமே காரணம். அந்த வேளையில் நோயாளியின் கால்விரலைத் தொட்டுப் பார்க்கும் தாதிக்கு அது இதமாகச் சூடாகத் தெரியும். இதயத்தைச் சுற்றியுள்ள குருதி குளிர்ந்துகொண்டிருப்பதன் அடையாளமே அந்தச் சூடு. சிசேரியனுக்கு முள்ளந்தண்டில் ஊசி போட்ட தாய்மார், இடுப்புக்குக் கீழே சூடாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நடுங்குவதிலும் இதற்குப் பெரும் பங்குண்டு. பலர் அதைப் பயத்தின் நடுக்கம் என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தச் சிறு வீழ்ச்சியால் என்ன கேடு? 1996ஆம் ஆண்டு ஆந்திரியா கூர்ஸ், டேனியல் செஸ்லர் ஆகியோரின் குழு, பெருங்குடல் சத்திரசிகிச்சை பெற்ற 200 நோயாளர்களின் முடிவுகளை வெளியிட்டது. வெப்பமூட்டப்பட்டவர்கள் சராசரி 36.6 பாகையுடனும், மற்றவர்கள் 34.7 பாகையுடனும் சத்திரசிகிச்சையை முடித்தார்கள். முதற்குழுவில் 6 சதவீதத்தினருக்கும் இரண்டாவது குழுவில் 19 சதவீதத்தினருக்கும் காயத்தில் தொற்று ஏற்பட்டது. குளிரில் காயத்துக்குப் போகும் குருதி குறைகிறது, வெண்குருதிக் கலங்கள் கிருமியைக் கொல்ல வேண்டிய ஒட்சிசனும் குறைகிறது. குருதி உறைவதும் தாமதிக்கிறது. அதற்காக 37 பாகையைக் கட்டாயமாக எட்ட வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 5,000க்கும் அதிகமானோரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், 35.5 பாகையில் வைத்திருந்தவர்களுக்கும் 37 பாகையில் வைத்திருந்தவர்களுக்கும் பெரிய சிக்கல்களில் வேறுபாடு காணப்படவில்லை. 35.5 பாகைக்குக் கீழே விழவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

கைகால்கள் முன்னரே சூடாக இருந்தால் உள்ளக வெப்பம் பாய்ந்து போக இடமே இருக்காது. அதனால் ஆபத்தான நேரம், கத்தி வைப்பதற்கு முந்தைய அந்தக் காத்திருப்பு நேரமே. வெளியே கொழும்பில் 30 பாகை வெக்கை அடிக்க, 20 பாகைக்கு அண்மையில் குளிரூட்டப்பட்ட தியேட்டர் வாசலில், மெல்லிய கவுனோடு வெறுங்காலுடன் தள்ளுகட்டிலில் காத்திருப்பவர், கூச்சத்தோடு தம் கைகால்களின் வெப்பத்தையும் இழந்துகொண்டிருக்கிறார். மயக்கமருந்து கொடுப்பதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன்பே சூடேற்றத் தொடங்க வேண்டும் என்றும், 36 பாகைக்குக் குறைந்திருந்தால், அவசரமில்லாத பட்சத்தில், மருந்தைத் தொடங்கக் கூடாது என்றும் பிரித்தானியாவில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் நிறுவனத்தின் வழிகாட்டி சொல்கிறது. சூடான காற்றைச் செலுத்தும் கடதாசிப் போர்வைகள் அதற்குச் சிறந்தவை. அவை இல்லாத இடத்தில் சாதாரணப் பருத்திப் போர்வை ஒன்றே தோல்வழி வெப்ப இழப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தடுத்துவிடும், ஏனெனில் வெப்பத்தை மறிப்பது துணிக்கும் தோலுக்கும் இடையில் அசையாமல் நிற்கும் காற்றே.

வாசகியின் அம்மா அஞ்சும் அந்தப் பார்வையைப் பற்றியும் நேராகச் சொல்ல வேண்டும். உடல் துணியின்றி இருப்பது பெரும்பாலும் மயங்கிய பின்னர், படுக்கவைத்துச் சீராக்கிக் கிருமிநீக்கி பூசும் சில நிமிடங்களில் மட்டுமே. அதன்பின் கிருமிநீக்கிய விரிப்புகள் உடல் முழுவதையும் மூடிவிடும். வெளியே தெரிவது வயிற்றின் ஒரு சதுரம். பித்தப்பையைத் துளைவழி அகற்றும்போது சலக்குழாய் போடுவதும் பல வேளைகளில் அவசியப்படுவதில்லை. அந்தச் சில நிமிடங்களில் பெண் தாதி ஒருவர் உடனிருப்பாரா, மாணவர்கள் இருப்பார்களா என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு. விழிப்பதற்கு முன்னரே மூடிவிடுவீர்களா என்றும் கேட்கலாம். கேட்பதால் யாரும் சிகிச்சையைக் குறைத்துவிட மாட்டார்கள்.

உலகின் பெரிய பெயர்களுக்கெல்லாம் உள்ளாடை தைத்து அனுப்பும் நாடு இது. கட்டுபெத்தையில், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில், புடைவை மற்றும் ஆடைப் பொறியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. முதுகைத் திறந்து காட்டாமல், தேவையான இடத்தை மட்டும் விரைவாகத் திறந்து மூடக்கூடிய, நம் வெக்கையிலும் தியேட்டர்க் குளிரிலும் பயன்படும் கவுன் ஒன்றை மயக்கமருந்து நிபுணர்களோடு சேர்ந்து வடிவமைக்க எத்தனை பணம் தேவைப்படும்? காயத்தொற்றை மூன்றில் ஒன்றாகக் குறைக்கும் மருந்து என்று எவராவது சொன்னால் ஆராய்ச்சிப் பணம் அதன் பின்னால் ஓடும். துணி என்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

அந்த அம்மா சத்திரசிகிச்சையன்று சேலைக்குப் பதிலாக, முன்பக்கம் பொத்தான் வைத்த பருத்தி ஹவுஸ்கோட்டில் போவது வசதி. அழைக்கும்வரை அதைக் கழற்றாமல் இருக்கலாமா என்றும், காலுறை போட்டுக்கொள்ளலாமா என்றும் வார்டில் கேட்கட்டும். கவுனுக்கு மாறியதும் ஒரு போர்வை கேட்டு வாங்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று போர்வைகளை இட்டாலும் தடுக்கப்படும் இழப்பு பாதி அளவுக்கே உயரும். எத்தனை மடிப்பு என்பதைவிட எவ்வளவு தோலை மூடுகிறோம் என்பதுதான் கணக்கு. ஆகையால் கிடைப்பது ஒரே போர்வையானாலும், கைகள் உள்ளே இருக்க, கழுத்திலிருந்து கால்விரல்வரை அதை விரித்துவிடச் சொல்லுங்கள்.