தக்காளி வாடல்: செடியும் ஆய்வகமும் தேடும் ஒரே தடயம்

முதலில் செடியின் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் மஞ்சளாகும். மத்தியான வெயிலில் துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்துவிடும். அப்புறம் நிமிரவே நிமிராது. அடித்தண்டைச் சாய்வாகச் சீவிப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே, தண்ணீர் ஏறும் குழாய்கள் இருக்கும் இடத்தில் பழுப்புக் கோடு ஓடியிருக்கும். ஃபியூசேரியம் வாடல் நோயின் அடையாளம் இது. வெர்ட்டிசிலியம் என்ற இன்னொரு பூஞ்சையும் கிட்டத்தட்ட இதே கோட்டைப் போடும்.

ஆய்வகத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் அந்த இரண்டையும் பிரித்துவிடலாம். உண்மையான சிக்கல் ஃபியூசேரியம் ஆக்சிஸ்போரம் என்ற ஒரே இனத்துக்குள் இருக்கிறது. தக்காளியைக் கொல்வது, வாழையைக் கொல்வது, எந்தச் செடிக்கும் தீங்கில்லாமல் வேரை ஒட்டிப் பிழைப்பது எல்லாம் அதில் அடக்கம். நுண்ணோக்கியில் எல்லாமே ஒரே மாதிரி பிறை வடிவ வித்துகளாகத்தான் தெரியும். பூஞ்சைகளை இனங்காண வழக்கமாகப் படிக்கும் ஐடிஎஸ் என்ற டிஎன்ஏ பகுதியும் இங்கே கைகொடுக்காது.

தடயம் கிடைத்தது செடியின் சாற்றில். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ரெப்பும் குழுவினரும், நோயுற்ற தக்காளியின் நீர்க்குழாய்ச் சாற்றில் பூஞ்சை சுரக்கும் புரதங்களைத் தேடினார்கள். முதல் புரதத்தைப் பற்றி 2004-ல் எழுதினார்கள். இவற்றுக்கான மரபணுக்கள்தான் சிக்ஸ் (SIX) மரபணுக்கள்; ‘நீர்க்குழாயில் சுரக்கப்பட்டது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. தீங்கற்ற வகைகளில் பொதுவாக இவை இருப்பதில்லை. வாழையைத் தாக்கும் வகையில் சில உண்டு, ஆனால் டிஎன்ஏ எழுத்து வரிசை மாறியிருக்கும்.

இனி வேலை சுலபம். பழுப்பான தண்டுத் துண்டை அரைத்து டிஎன்ஏவைப் பிரிக்கிறார்கள். சிக்ஸ்1 மரபணுவின் இரு முனைகளிலும் மட்டும் ஒட்டும் ‘தொடக்கி’ என்ற குட்டி டிஎன்ஏ துண்டுகளைச் சேர்த்து, டிஎன்ஏவைப் படியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கருவியில் வைக்கிறார்கள். சுமார் 95 டிகிரியில் டிஎன்ஏ இழைகள் பிரியும், 60 டிகிரியை ஒட்டித் தொடக்கிகள் ஒட்டும், 72 டிகிரியில் புது இழை வளரும். ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. 30 சுற்றில், கணக்குப்படி, ஒன்று 100 கோடியைத் தாண்டும். மரபணு இல்லையென்றால் எதுவும் பெருகாது. ஒன்று சொல்ல வேண்டும்: செத்த பூஞ்சையின் டிஎன்ஏவும் பெருகும். அதனால் மண் மாதிரியில் வரும் விடையை நிதானமாகத்தான் படிக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது சிக்ஸ்4. பூஞ்சையில் அது இருந்தால், தக்காளியைத் தாக்கும் பூஞ்சை ரகங்களில் ‘முதல் ரகம்’ (ரேஸ் 1) எனப்படுவது அது. தக்காளியின் ‘ஐ’ என்ற எதிர்ப்பு மரபணு உணர்வதும் இதே சிக்ஸ்4 புரதத்தைத்தான். அந்த மரபணு உள்ள செடியை நட்டால், பூஞ்சை உள்ளே நுழைந்ததும் செடியே அதை அடையாளம் கண்டு தடுத்துவிடும்.