பலகை பிரேக் போடாது

குடியிருப்புத் தெருவில் ஒரு கார் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வருகிறது. 14 மீட்டர் முன்னால், ஓரமாக நிற்கும் வேனின் மறைவிலிருந்து சைக்கிள் ஒன்று வெளிப்படுகிறது. ஓட்டுநர் அதைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் கார் 8.3 மீட்டர் ஓடிவிடும். காய்ந்த சாலையில் அழுத்திப் பிடித்தால் நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 13.3. சைக்கிளைத் தொடாமல், ஏறக்குறைய ஒன்றரை முழ இடைவெளியில் நின்றுவிடும்.

அதே கார் 50-இல் வந்தால் அந்த ஒரு நொடியிலேயே 13.9 மீட்டர் போய்விடும். பிரேக் பிடிக்கத் தொடங்கும்போதே மோதல். அதுவும் ஏறக்குறைய முழு வேகத்தில். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 30-ஐவிட 50-இல் அது 2.8 மடங்கு. மழை பெய்திருந்தால் கணக்கு இன்னும் மோசம்.

தெருவின் வேக வரம்பை 30 ஆக்கினால் முந்திச் செல்லும் தொல்லையும் குறைகிறது. 18-இல் சைக்கிள் மிதிப்பவரை 50-இல் வரும் கார் 32 கி.மீ. வேக வித்தியாசத்தில் உரசிப் போகும். 30-இல் வித்தியாசம் 12தான். 30-இல் போனாலும் பெரிதாக நேரம் போகாது: 500 மீட்டர் தெருவை 50-இல் கடக்க 36 நொடி, 30-இல் 60 நொடி.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் 1992-இலேயே முக்கியச் சாலைகள் நீங்கலாக எங்கும் வேக வரம்பை 30 என்று மாற்றியது. பாரிஸ் 2021-இல் வந்து சேர்ந்தது. ஆனால் வேக வரம்புப் பலகையை மட்டும் நட்டால் வேகம் ஓரிரு கிலோமீட்டர்தான் இறங்கும். அகலமான, நேரான தெரு ஓட்டுநரிடம் 'அழுத்து' என்றுதான் சொல்லும். தெருவின் வடிவத்தையே மாற்ற வேண்டும்.

வேகத்தடைதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. அதைக் கெடுப்பதும் சுலபம். குட்டையான, செங்குத்தான மேடு காரைவிட சைக்கிளைத்தான் அதிகம் உலுக்கும். 3.7 மீட்டர் நீளம், 75 முதல் 100 மி.மீ. உயரத்தில் மெதுவாக ஏறி இறங்கும் மேடு நல்லது. ஏறும் இடமும் இறங்கும் இடமும் அலைபோல் வளைந்திருந்தால் சைக்கிளுக்கு இன்னும் சுகம். ஓரத்தில் சைக்கிளுக்கு இடைவெளி விட்டால் அங்கே வடிகால் மூடியோ நிறுத்திய காரோ இருக்கக் கூடாது. மேடுகளுக்கிடையே தூரம் 100 மீட்டரைத் தாண்டினால் ஓட்டுநர்கள் நடுவில் விரட்டி, மேட்டருகே பிரேக் அடிப்பார்கள். சத்தமும் புகையும்தான் மிச்சம்.

சாலையைக் குறுக்குவதிலும் ஒரு பொறி உண்டு. தடத்தின் அகலம் 3.2 முதல் 3.9 மீட்டர் வரை இருந்தால் கார் ஓட்டுநருக்கு சைக்கிளை முந்தலாம் போலத் தோன்றும். உண்மையில் இடம் போதாது. ஒன்று, முந்தவே முடியாதபடி குறுக்க வேண்டும். இல்லையென்றால், குறுக்கிய இடத்தைச் சுற்றிப்போக சைக்கிளுக்கு 1.5 மீட்டர் தனி வழி விட வேண்டும். தெருமுனை வளைவையும் இறுக்கினால் கார் திரும்பும்போதே வேகம் குறையும்.

வேலை முடிந்ததும் வேகத்தை அளக்க வேண்டும். கருவியை மேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் எண்கள் அழகாக வரும், பயன் இருக்காது. இரண்டு மேடுகளுக்கு நட்டநடுவில் வைத்து, நூற்றுக்கு 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று பார்க்க வேண்டும். அது 38 என்று வந்தால், அந்தத் தெரு இன்னும் 30 தெரு ஆகவில்லை.