யூனிட் ஏறும், பட்டத்தில் சேருமா?

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் படித்த ஒருவருக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வருகிறது: உங்களுடைய 60 யூனிட்களும் (படித்த பாடங்களின் அளவைக் குறிக்கும் எண்) ஏற்கப்பட்டன. வீட்டில் பாயசம் வைக்கிறார்கள். 120 யூனிட் இளநிலைப் பட்டத்தில் பாதி முடிந்துவிட்டது, மீதிப் பாதியை வீட்டில் இருந்தபடியே இணையவழியில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். சில வாரம் கழித்து மாணவர் பக்கத்தில் பட்டக் கணக்கைத் திறந்தால், இன்னும் 68 பாக்கி என்று காட்டுகிறது.

அந்த 8 யூனிட் தொலைந்து போகவில்லை. பல்கலைக்கழகத்தின் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. பட்டத்தில்தான் அதற்கு இடமில்லை.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரியில் படித்து, பிறகு இணையவழிப் பட்டத்துக்கு மாறுகிறவர்களில் பலர் இடறுவது இந்த இடத்தில்தான். யூனிட்டை ஏற்றுக்கொள்வது ஒன்று, பட்டத்துக்கு எண்ணிக்கொள்வது வேறொன்று. சேர்க்கை அலுவலகம் முதலாவதைச் சொல்லும், இரண்டாவதைத் துறை தீர்மானிக்கும். விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் முதலாவதுதான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் குறுகிய காலத் தொழிற்பயிற்சி நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது இரண்டாண்டு அரசுக் கல்லூரி. 1901-இல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட்டில் தொடங்கிய ஏற்பாடு இது. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை இங்கே குறைந்த செலவில் முடித்து அசோசியேட் பட்டம் வாங்கலாம். கலிபோர்னியாவில் மாநிலவாசிகளுக்கு யூனிட்டுக்கு 46 டாலர், ஆகவே 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். பல தனியார் பல்கலைக்கழகங்களில் ஒரே ஒரு பாடத்துக்கு இதற்கு மேல் ஆகும். சிக்கனமான வழி என்பதில் சந்தேகமில்லை. மாறும்போது எவ்வளவு சிந்துகிறது என்பதைப் பொறுத்தே அந்தச் சிக்கனம் நிற்கும்.

சிந்துவது கொஞ்சமல்ல. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2017-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத யூனிட்களை இழந்திருக்கிறார்கள் என்று அதில் மதிப்பிட்டிருந்தார்கள். அரசுக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்களுக்கே 37 சதவீதம். தனியார் இலாபக் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்கு மாறியவர்கள் 94 சதவீதத்தைப் பறிகொடுத்தார்கள். அதன்பின் பல மாநிலங்கள் விதிகளைச் செப்பனிட்டிருக்கின்றன. இருந்தாலும் அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு படிவம் நிரப்புவது நல்லது.

மூன்று பெட்டிகள்

ஓர் இளநிலைப் பட்டத்தை மூன்று பெட்டிகளாகப் பாருங்கள். பொதுக்கல்விப் பாடங்கள் ஒன்று: ஆங்கிலக் கட்டுரை, கணிதம், அறிவியல், வரலாறு போன்றவை. முதன்மைப் பாடம் இன்னொன்று. மூன்றாவது விருப்பப் பாடங்கள்.

மேலே சொன்ன 60 யூனிட்டைப் பிரிப்போம். பொதுக்கல்விக்கு 34, முதன்மைப் பாடத்தின் அடித்தளத்துக்கு 12, மீதி 14 அதிலும் இதிலும் சேராதவை. அந்த 14-ஐ விருப்பப் பாடப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஆனால் நீங்கள் சேர்ந்த பட்டத்தில் அந்தப் பெட்டியில் 6 யூனிட்டுக்குத்தான் இடம் இருக்கிறது. மீதி 8 வழிந்துவிடும். 34, 12, 6 சேர்ந்து 52. பாக்கி 68. ஏமாற்று எதுவும் இல்லை, வெறும் கூட்டல் கழித்தல். கணினி அறிவியல், கணக்கியல் போன்ற பட்டங்களில் இந்த மூன்றாம் பெட்டி மிகச் சிறியது. பொதுப்படையான பட்டங்களில் பெரியது. ‘ஒரு பட்டம் கையில் இருந்தால் போதும், எந்தத் துறையானாலும் சரி’ என்று இருப்பவருக்கு அதனால்தான் யூனிட் அதிகம் சேர்கிறது. குறிப்பிட்ட வேலையைக் குறிவைப்பவருக்குக் குறைவாகச் சேர்கிறது.

இன்னும் இரண்டு வேலிகள் உண்டு. மூன்றாம், நான்காம் ஆண்டுக்கான மேல்நிலைப் பாடங்கள் இத்தனை யூனிட் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பல்கலைக்கழகமும் விதிக்கும். சமுதாயக் கல்லூரிப் பாடம் எவ்வளவு கடினமாக இருந்தாலும் கீழ்நிலைப் பாடமாகவே எண்ணப்படும். அடுத்தது, பட்டம் தருகிற இடத்திலேயே படித்தாக வேண்டிய குறைந்தபட்ச அளவு. பல இடங்களில் அது 30 யூனிட். சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 120-இல் 90 யூனிட் வரை வெளியிலிருந்து ஏற்கிறது. அதன் மறுபக்கமும் இந்த 30-தான். 90 வரை என்பதில் ‘வரை’ என்ற சொல்லை அழுத்திப் படிக்கவும். அது உச்சவரம்பு, வாக்குறுதி இல்லை. கலிபோர்னியாவின் மாநிலப் பல்கலைக்கழகங்கள் சமுதாயக் கல்லூரியிலிருந்து செமஸ்டர் கணக்கில் 70 யூனிட்டுக்கு மேல் எண்ணுவதில்லை. 85 யூனிட் சேர்த்து வைத்திருப்பவருக்குப் பாடத்தின் அறிவு மிஞ்சும், யூனிட் மிஞ்சாது.

கலிபோர்னியாவும் புளோரிடாவும்

இந்தச் சிந்தலைச் சட்டம் போட்டு அடைக்க முயன்ற மாநிலங்களில் இவை இரண்டும் முக்கியமானவை.

கலிபோர்னியாவில் 2010-இல் வந்த சட்டம் ‘மாறுதலுக்கான அசோசியேட் பட்டம்’ என்ற ஒன்றை உருவாக்கியது. 60 யூனிட்டில் அதை முடித்தவருக்குக் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. அதே துறையிலோ அதற்கு இணையான துறையிலோ சேர்ந்தால், இன்னும் 60 யூனிட்டுக்கு மேல் படிக்கச் சொல்லக்கூடாது. கேட்க இனிமையாக இருக்கிறது. உறுதி என்பது அந்த அமைப்பில் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் என்பதற்குத்தான், நீங்கள் விரும்பும் வளாகத்துக்கு இல்லை. இணையவழியில் படிக்க நினைப்பவர் கூடுதலாக ஒன்று கேட்டாக வேண்டும்: அந்த வளாகம் நடத்தும் இணையவழிப் பட்டம், என் அசோசியேட் பட்டத்துக்கு இணையானது என்ற பட்டியலில் இருக்கிறதா? நேர்வகுப்பில் நடக்கும் அதே துறை பட்டியலில் இருப்பதால் இணையவழிப் பட்டமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

2021-இல் வந்த இன்னொரு சட்டத்தின் பயனாக, 2025 இலையுதிர் காலத்திலிருந்து புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு 34 யூனிட் கொண்ட ஒரே பொதுக்கல்வித் தொகுப்பு வந்திருக்கிறது. அதற்கு முன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று, கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் என்ற வேறொரு அரசு அமைப்புக்கு ஒன்று என்று இரண்டு பட்டியல் இருந்தது. எந்தப் பட்டியலைப் பின்பற்றுவது என்று புரியாமல் இரண்டுக்கும் நடுவில் படித்தவர்கள் ஏராளம். எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் எதற்குச் சமம் என்று பார்க்க அசிஸ்ட் என்ற அரசு இணையதளம் இருக்கிறது, இலவசம். ஆனால் அது கலிபோர்னியாவுக்கு மட்டும். அரிசோனாவின் இணையவழிப் பட்டத்துக்குப் போகிறவர் அதைப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை.

புளோரிடாவின் முறை எனக்கு இன்னும் பிடித்தமானது. அங்கே பாடத்துக்கு மாநிலம் முழுவதும் ஒரே எண். முதல் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் எந்த அரசுக் கல்லூரியிலும் ஈஎன்சி 1101. எண் ஒன்றாக இருந்தால், தங்களிடமே படித்ததுபோல் எண்ணிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அசோசியேட் இன் ஆர்ட்ஸ் பட்டம் முடித்தவருக்கு 12 மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏதேனும் ஒன்றில் இடம் உண்டு. 36 யூனிட் பொதுக்கல்வியை ஒரு கல்லூரி முடித்ததாகச் சான்று தந்துவிட்டால், அடுத்த அரசுப் பல்கலைக்கழகம் அதை மறுபடி படிக்கச் சொல்ல முடியாது. கலிபோர்னியா இப்போதுதான் பொதுப் பாட எண்களைப் படிப்படியாகக் கொண்டுவருகிறது.

மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் இந்தச் சட்டங்கள் எதுவும் கூட வராது. இணையவழிப் பட்டத்துக்கு எல்லை கிடையாது என்பதுதான் கவர்ச்சி. யூனிட்டுக்குப் பாதுகாப்புத் தரும் சட்டத்துக்கோ எல்லை உண்டு.

பெயரில் இருக்கும் ஒரு சொல்

அசோசியேட் பட்டங்களில் ஆர்ட்ஸ், சயின்ஸ் என்பவை மாறுதலுக்கு ஏற்றவை. ‘அப்ளைடு சயின்ஸ்’ என்று இருந்தால் அது நேராக வேலைக்குப் போகிறவர்களுக்கான படிப்பு. அதிலுள்ள பயிற்சிப் பாடங்களில் பெரும்பகுதி வேறு எங்கும் எண்ணப்படாமல் போகலாம்.

செவிலியர் படிப்பு இதற்குப் பெரிய விதிவிலக்கு. சமுதாயக் கல்லூரியில் செவிலியர் அசோசியேட் பட்டம் முடித்து உரிமத் தேர்வில் தேறியவருக்கென்றே இணையவழி இளநிலைப் பட்டங்கள் நாடு முழுவதும் நடக்கின்றன. பாடம் பாடமாக ஒப்பிடாமல், உரிமம் இருப்பதையே அடிப்படையாகக் கொண்டு செவிலியர் பாடங்களை மொத்தமாக ஏற்கும் வழக்கம் அங்கே உண்டு. நியூயார்க் மாநிலம் 2017 டிசம்பரில் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி புதிதாக உரிமம் பெறும் செவிலியர்கள் 10 ஆண்டுக்குள் இளநிலைப் பட்டம் பெற வேண்டும். பணியில் இருந்துகொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இணையவழி அன்றி வேறு வழி குறைவு. யூனிட் மாறுதல் ஓரளவு சொன்னபடி நடக்கும் துறை எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

செவிலியர், ஆசிரியர் போல உரிமம் தேவைப்படும் துறைகளில் வேறு மாநிலத்தின் இணையவழிப் பட்டத்தில் சேரும்போது, அந்தப் பட்டம் உங்கள் மாநில உரிமத்துக்குப் போதுமா என்பதைப் பல்கலைக்கழகமே தெரிவிக்க வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.

சில்லறை விஷயங்கள், பெரிய நஷ்டங்கள்

கலிபோர்னியாவில் குப்பர்டினோ நகரின் டி ஆன்சா கல்லூரி நம்மவர்கள் அதிகம் படிக்கும் இடங்களில் ஒன்று. அங்கே ஆண்டு நடப்பது செமஸ்டரைவிடக் குறுகிய பருவமான குவார்ட்டர் கணக்கில். ஒன்றரை குவார்ட்டர் யூனிட் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்குச் சமம். 4 குவார்ட்டர் யூனிட் பாடம் செமஸ்டர் கணக்கில் 2.67 ஆகும். புதிய இடம் அந்தப் பாடத்துக்கு 3 யூனிட் கேட்டால் 0.33 குறைகிறது. பாடம் பூர்த்தி, யூனிட் பற்றாக்குறை என்ற விசித்திரம். பல பாடங்களில் சேர்ந்தால் இது ஒரு முழுப் பாடமாகவே வளர்ந்துவிடும்.

பொதுவாக சி அல்லது அதற்கு மேற்பட்ட கிரேடு வந்த பாடம்தான் மாறும். சி மைனஸ் பல இடங்களில் மாறாது. பழைய கிரேடு சராசரி புதிய இடத்துக்குக் கூடவே வருமா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். பல இடங்களில் யூனிட் மட்டும் வரும், சராசரி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சிலருக்கு அது வருத்தம், சிலருக்கு மறுவாழ்வு.

உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதே சமுதாயக் கல்லூரியில் பாடம் எடுக்கும் பிள்ளைகள் நம் சமூகத்தில் நிறைய. கோடை விடுமுறையில் விளையாட்டாக எடுத்து டி வாங்கிய பாடமும் நிரந்தரக் கல்லூரிப் பதிவுதான். பிறகு எங்கே விண்ணப்பித்தாலும் படித்த எல்லாக் கல்லூரிகளையும் குறிப்பிட வேண்டும், மறைக்கக் கூடாது.

இரு கல்லூரிகளும் அமெரிக்கக் கல்வித் துறை அங்கீகரித்த தர அமைப்பின் சான்று பெற்றிருக்க வேண்டும். ‘வட்டார’, ‘தேசிய’ என்று தர அமைப்புகளைப் பிரித்த பழைய வேறுபாட்டை 2020 ஜூலையிலிருந்து மத்திய விதி கைவிட்டுவிட்டது. பல்கலைக்கழகங்கள் மனத்தளவில் இன்னும் கைவிடவில்லை.

பழைய கல்லூரியில் கட்டண பாக்கி இருந்தால் டிரான்ஸ்கிரிப்டை, அதாவது மதிப்பெண் பதிவை, நிறுத்திவைக்கும் பழக்கம் நெடுநாள் இருந்தது. கலிபோர்னியாவில் 2020 ஜனவரி முதல் அது சட்டவிரோதம்.

விசாவில் இருப்பவர்களுக்கு

எச்-4 விசாவில், அதாவது எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கான விசாவில், இருப்பவர் முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ, நேரிலோ இணையவழியிலோ படிக்கலாம். கலிபோர்னியாவில் ஓராண்டு வசித்து மாநிலவாசி என்று நிறுவ எச்-4 தடையில்லை. ஆனால் பெல் கிராண்ட் போன்ற மத்திய உதவித்தொகை கிடைக்காது, அதற்குப் பொதுவாகக் குறைந்தது கிரீன் கார்டு வேண்டும். அந்த உதவித்தொகை பெறுகிறவர்களுக்கும் ஆயுளுக்கு 12 செமஸ்டர் என்ற வரம்பு உண்டு. மாறாத யூனிட்டை மறுபடி படிப்பது அந்த 12-ஐத்தான் தின்னும்.

மாணவர்களுக்கான எஃப்-1 விசாவின் கதை வேறு. முழுநேரப் படிப்புக்கு ஒரு பருவத்தில் ஒரே ஓர் இணையவழிப் பாடம்தான், அதாவது 3 யூனிட்தான், கணக்கில் வரும். ஆகவே முழுக்க இணையவழிப் பட்டம் எஃப்-1-இல் அமெரிக்காவில் இருப்பதற்கு உதவாது. இதை எச்-4 பிள்ளைகளின் பெற்றோர் முன்பே யோசிக்க வேண்டும். 21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். பலர் எஃப்-1-க்கு மாறுகிறார்கள். சமுதாயக் கல்லூரியை 20 வயதில் முடித்து இணையவழிப் பட்டத்தில் சேர்ந்த பிள்ளை, அடுத்த ஆண்டே அந்தப் படிப்பை விட்டு நேர்வகுப்புக்கு மாற வேண்டிவரும். மறுபடியும் ஒரு யூனிட் மாறுதல், மறுபடியும் சிந்தல்.

பணம் கட்டும் முன்

பாடத்திட்டத் தாள்களை எறியாதீர்கள். எந்த வாரம் எந்தத் தலைப்பு, எந்தப் புத்தகம் என்று அதில்தான் இருக்கும். ஒரு பாடம் மாறாது என்று சொன்னால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு, அதற்குச் சான்று அந்தத் தாள்தான். விருப்பப் பாடப் பெட்டியில் விழுந்த புள்ளியியல் பாடம், தாளைக் காட்டியதும் முதன்மைப் பாடப் பெட்டிக்கு ஏறுவது நடக்கக்கூடியதே.

சேர்வதற்கு முன் அதிகாரப்பூர்வமற்ற டிரான்ஸ்கிரிப்டை அனுப்பி முன்மதிப்பீடு கேளுங்கள். பல இணையவழிப் பல்கலைக்கழகங்கள் இலவசமாகவே செய்து தருகின்றன. எத்தனை யூனிட் ஏற்பீர்கள் என்று கேட்டால் அழகான எண் ஒன்று வரும். அதை விட்டுவிட்டு, இந்தக் குறிப்பிட்ட பட்டத்தை முடிக்க உங்களிடம் நான் இன்னும் எத்தனை யூனிட் படிக்க வேண்டும், அதில் மேல்நிலைப் பாடம் எத்தனை என்று கேளுங்கள். தொலைபேசியில் சொல்கிறவர் பெரும்பாலும் சேர்க்கைப் பிரிவைச் சேர்ந்தவர், அவர் சொல் துறையைக் கட்டுப்படுத்தாது. மின்னஞ்சலில், பாடம் பாடமாக, எந்தப் பெட்டியில் எது என்று எழுத்தில் வரும்வரை பதிவுக் கட்டணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.