வண்டி ஏன் முதுகுப் பக்கம் இருக்கிறது?

என் தங்கை மகனுக்கு மூன்று வயது. வளர்ச்சித் தாமதம், அதோடு தசைத் தளர்ச்சி. போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் அவர்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் அவனுடைய புது வாக்கரைப் பிரித்தோம். அலுமினியச் சட்டம், நான்கு சக்கரம். அம்மா அதை நடைவண்டி என்று நினைத்து அவனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். தங்கை அதைத் திருப்பி, சட்டம் அவன் முதுகுக்குப் பின்னால் வரும்படி வைத்தாள்.

"என்னடி இது, வண்டிய முன்னாடி வச்சுத் தள்ளுவாங்களா, பின்னாடி கட்டி இழுப்பாங்களா? புள்ள என்ன மாடா?"

கேள்வி நியாயம்தான்.

உடலின் எடையெல்லாம் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு அது தொப்புளுக்குச் சற்றுக் கீழே வரும். குழந்தைக்குத் தலை பெரிது, கால் குட்டை. ஆகவே புள்ளி இன்னும் மேலே. பாதங்கள் அடைக்கும் இடத்துக்கு நேர்மேலே அந்தப் புள்ளி இருக்கும்வரை நிற்கலாம், விலகினால் விழுவோம். தசை தளர்ந்த பிள்ளைக்கு முன்னால் வண்டியை வைத்தால் அதன்மேல் சாய்ந்துவிடும். எடை கைக்குப் போகும், இடுப்பும் முழங்காலும் மடங்கும், சக்கரம் முன்னே ஓடும், பிள்ளை அதைத் துரத்தும். பேரங்காடியில் தள்ளுவண்டிமேல் கையை ஊன்றிக் குனிந்தபடி நாம் நடப்போமே, அதே கோலம்.

வண்டி பின்னால் இருந்தால் கைப்பிடிகள் இடுப்புக்கு இரு பக்கமும் வரும். சாய முன்னால் எதுவும் கிடையாது. கையை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தினால்தான் நிற்கவே முடியும். அப்போதுதான் முதுகும் பிட்டத் தசைகளும் வேலைக்கு வருகின்றன. இவன் வண்டியில் பின்சக்கரம் இரண்டும் முன்னோக்கி மட்டுமே உருளும். பின்னால் சாய்ந்தால் பூட்டிக்கொண்டு சுவர்போல நிற்கும். எல்லாப் பிள்ளைக்கும் இதுவே பொருந்தும் என்றில்லை. சிலருக்கு முன்பக்க வண்டிதான் சரி. இன்னும் சிலருக்கு இருக்கையும் நெஞ்சுப் பட்டையும் வைத்த நடைப்பயிற்சிச் சட்டம் தேவைப்படும். அதைத் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லவேண்டும்.

வண்டியோடு ஒரு ஜோடி பிளாஸ்டிக் காலுறையும் வந்தது. ஏஎஃப்ஓ என்பார்கள்: பாதத்தையும் கணுக்காலையும் பிடித்து நிறுத்தும் தாங்கி. கெண்டைக்கால் இறுகி நுனிக்காலில் நடக்கும் பிள்ளைக்கு அது குதிகாலைத் தரையில் இறக்கிவிடும். தளர்ந்த காலுக்கோ, கணுக்கால் உள்பக்கம் சரியாமல் தாங்கும்.

இத்தனையும் எதற்கு? எண்ணிக்கைக்கு. அமெரிக்காவில் உளவியலாளர் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாடவிட்டு எண்ணிப் பார்த்தார்கள். 2012-ல் வெளிவந்த கணக்குப்படி மணிக்குச் சராசரியாக 2,368 எட்டு, 17 விழுகை.  நடையை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அது ஆயிரக்கணக்கில் ஒத்திகை பார்த்து வருவது. நிற்கவே முடியாத பிள்ளைக்கு அந்த ஒத்திகை கிடைப்பதில்லை. கருவி அவனுக்கு நடையைத் தருவதில்லை, எட்டுகளைத் தருகிறது.

கால்களுக்கு நடையின் தாளம் பிறக்கும்போதே ஓரளவு தெரியும். பச்சைக் குழந்தையைத் தூக்கிப் பாதத்தைத் தரையில் படவைத்தால் மாறி மாறி எட்டு வைக்கும். இரண்டு மாதத்தில் அது மறைந்துவிடும். மூளை வளர்ந்து அடக்கிவிடுகிறது என்று நினைத்திருந்தார்கள். உளவியலாளர் எஸ்தர் தீலன் 1984-ல் அந்தக் குழந்தைகளின் கால்களைத் தண்ணீருக்குள் இறக்கினார். எட்டுகள் திரும்பி வந்தன! தாளம் போகவில்லை, கொழுத்த தொடையைத் தூக்கத் தசைக்குப் பலம் போதவில்லை, அவ்வளவுதான்.

எடையைக் குறைத்தால் எட்டு வரும் என்பதைப் பின்னர் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளிடம் பயன்படுத்தினார்கள். தாங்கிப் பிடித்தபடி குட்டி டிரெட்மில்லில் நாளுக்கு 8 நிமிடம், வாரம் 5 நாள். வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் சராசரியாக 101 நாள் முன்னதாகத் தனியே நடந்தார்கள். டேல் உல்ரிச் குழுவினரின் அந்த ஆய்வு 2001-ல் வந்தது. எட்டு நிமிடம்!

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும். நடுவில் உட்காரவைத்துச் சக்கரத்தோடு உருளவிடும் பிளாஸ்டிக் வட்டத்தையும் நம் வீடுகளில் வாக்கர் என்றுதான் சொல்கிறோம். அது வேறு சாதி. அதில் குழந்தை நுனிக்காலால் தரையை உந்துகிறது, தன் பாதத்தைப் பார்ப்பதில்லை, சமநிலைக்காக எதுவும் செய்வதில்லை. 1997-ல் வந்த சிங்கப்பூர் ஆய்வொன்றில் பார்த்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அதில் உருண்டவர்கள். படியில் உருண்டு அடிபடுவதால் கனடா 2004-ல் அதைத் தடையே செய்துவிட்டது. நம் பழைய மர நடைவண்டி எவ்வளவோ மேல். அதை நின்றுதான் தள்ளமுடியும்.

அம்மாவின் இரண்டாவது கவலை: "இதப் பழக்கிட்டா அப்புறம் சோம்பேறியாயிடுவான்." சக்கர நாற்காலி என்றால் இந்தப் பயம் இரட்டிப்பாகும். நானும் அப்படி நினைத்தவன்தான். ஆனால் நகர்வு காலுக்கு மட்டும் உரியதல்ல. ஜோசஃப் கேம்போஸ் குழுவினர் 1992-ல் எழுதியதைப் பாருங்கள்: கண்ணாடி மூடிய பள்ளத்தின்மேல் இறக்கும்போது, தவழ்ந்து பழகிய குழந்தைக்கு நெஞ்சு படபடக்கிறது, தவழாத குழந்தைக்கு அந்தப் பயமே இல்லை. வேடிக்கை என்னவென்றால், தவழாத குழந்தையை நான் மேலே திட்டிய அதே வட்ட வாக்கரில் பழக்கினால் அதற்கும் படபடக்கிறது. சொந்தமாக இடம்பெயர்வதுதான் உயரத்தையும் தூரத்தையும் மனத்துக்குக் கற்றுத்தருகிறது. கால் தயாராகும்வரை காத்திருந்தால் மனமும் சேர்ந்து காத்திருக்கும். அதனால்தான் ஒன்றிரண்டு வயதிலேயே மின் சக்கர நாற்காலி ஓட்டப் பழக்குகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதம்.

எப்போது கவலைப்படலாம்? உலகச் சுகாதார நிறுவனத்தின் 2006 அளவுகோலில் தனியே நடக்கும் வயது 8.2 முதல் 17.6 மாதம் வரை விரிகிறது. பிள்ளையை நடந்து வா என்று அழைக்கும் பிள்ளைத்தமிழின் வருகைப் பருவம் 13-ஆம் மாதம்; நம் பாட்டனார்களும் உற்றுத்தான் பார்த்திருக்கிறார்கள். 18 மாதமாகியும் தனியே நடக்காவிட்டால் பலதுறை மருந்தகத்தில் கேட்டுவிடுங்கள். அங்கிருந்து கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். பிறகு ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டமான ஈஐபிஐசி. கருவி விலையைக் கண்டு மலைக்கவேண்டாம். உடற்குறையுள்ளோருக்கான அமைப்பான எஸ்ஜி எனேபிள் நடத்தும் உதவித் தொழில்நுட்ப நிதி, குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை தாங்கும்; ஆயுள் உச்சவரம்பு 40,000 வெள்ளி.

அன்று கீழ்த்தளத்தில் அவன் முதல் பத்து எட்டை நகராமலே வைத்தான், நின்ற இடத்தில். பிறகு சக்கரம் உருண்டது. சாக்கடை மூடியின் கம்பியில் முன்சக்கரம் மாட்டியபோது அம்மா ஓடப் பார்த்தார். "விடுங்கம்மா" என்றாள் தங்கை. அவன் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குலுக்கி, எடுத்துவிட்டான். நேரே அங்கிருந்த மளிகைக் கடையின் ஐஸ்கிரீம் பெட்டிக்குப் போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை அப்பினான், மூக்கையும் சேர்த்து.

அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடி கம்பி இருந்தா எட்டியிருக்காது, என்ன?"